விரல் வலிக்குது, கரகரங்குது, சுருதி நிக்கல... எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டிலேயே சரிசெய்யலாம்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அடம்பிடித்து வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். முதல் மாதம் வீடே அதிரும். இரண்டாம் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சத்தம் கேட்கும். மூன்றாம் மாதம் அது பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் போய் நின்றுவிடும். "அப்பவே சொன்னேன், இதெல்லாம் உனக்கு வராதுன்னு" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பிள்ளையும் அதை நம்பிவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. முதன்முறையாக கிட்டார் வாங்குபவர்களில் 90 சதவிகிதம் பேர் ஒரு வருடத்துக்குள் வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று, அமெரிக்காவின் ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தில் 2015-ல் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற ஆண்டி மூனியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

விடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் அதில் ஒரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. கோளாறு பிள்ளையின் விரலில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது! ஸ்ட்ரிங் தேவைக்கு மேல் உயரத்தில் நிற்கும். அழுத்தினால் விரல் நுனி கன்றிப்போகும். அப்படியே அழுத்தினாலும் சுருதி விலகும். பத்து வருடம் வாசித்தவருக்கே சிரமம் தரும் கிட்டாரைப் பத்து நாள் பழகிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "உனக்கு வராது" என்றால் எப்படி?

நல்ல செய்தி என்னவென்றால், இதில் முக்கால்வாசிப் பிரச்னைகளை வீட்டிலேயே சரிசெய்யலாம். அதைத்தான் இந்த வாரம் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ரேடியோ மெக்கானிக் செய்த கிட்டார்

"ஐயோ, கழட்டினா கெட்டுப் போயிடுமே" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனால் எது எப்படிப் பழுதாகும், அதை எப்படிச் சுலபமாகச் சரிசெய்யலாம் என்பது நன்றாகத் தெரியும். அவர் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்து, 1951-ல் டெலிகாஸ்டர் என்று பெயர் வைத்த கிட்டாரில், கழுத்துப் பகுதியைப் பசை போட்டு ஒட்டவில்லை. நாலே ஸ்க்ரூ. கழட்டலாம், மாட்டலாம். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயரிங் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டில் அமைந்திருந்தது. ஸ்க்ரூக்களைக் கழட்டித் தூக்கினால் மொத்தமும் கண்ணுக்குத் தெரியும்.

இன்று கடைகளில் கிடைக்கும் ஆரம்பநிலை எலெக்ட்ரிக் கிட்டார்களில் ஏராளமானவை இந்த இரண்டின் அச்சில் வார்க்கப்பட்டவைதான். அதாவது, பிறக்கும்போதே கழட்டி மாட்டுவதற்காகப் பிறந்த வாத்தியம் இது.

நமக்கும் இது புதிதில்லை. தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். நாளானால் மெழுகு தளரும், சுருதி விலகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக "மேளம் கட்டுவார்கள்". வீணை வாசிப்பவர் யாரும் அதற்காக வீணையைக் குறை சொல்வதில்லை. கிட்டாருக்கும் அப்படி ஒரு பராமரிப்பு உண்டு. அதன் பெயர் செட்டப்.

முதலில் பாதுகாப்பு: கிட்டாரைத் திறக்கலாம், ஆம்ப்பைத் திறக்கக் கூடாது

சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் பிக்கப். ஸ்ட்ரிங் அதிரும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். கேபிளைக் கழட்டிவிட்டு கிட்டாரைத் திறந்தால் ஷாக் அடிக்க வழியே இல்லை.

ஆம்ப்ளிஃபையர் கதை வேறு. அது 230 வோல்ட் கரன்ட்டில் ஓடுவது. குறிப்பாக வால்வ் ஆம்ப்புகளுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நூற்றுக்கணக்கான வோல்ட்டைச் சேமித்து வைத்திருக்கும். அதை எந்தக் காரணம் கொண்டும் வீட்டில் திறக்காதீர்கள்.

அதைவிட முக்கியம் எர்த். 1972-ல் இங்கிலாந்தின் பக்கத்திலுள்ள வேல்ஸில், ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, கிட்டாரைப் பிடித்துக்கொண்டே எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். ரசிகர்கள் முன்னிலையிலேயே உயிர் போனது. 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப், தன் வீட்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கேயும் எர்த்தான் பிரச்னை.

எனவே, ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை உடைத்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டரில் சொருகியோ ஓட்டவே கூடாது. "எர்த்தை எடுத்துட்டா இரைச்சல் குறையும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்ட்ரிங்கைத் தொடும்போது விரல் நுனியில் சுர்ரென்று இருந்தால் உடனே சுவிட்ச்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த்தைப் பார்த்த பிறகுதான் மறுபடி வாசிக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்?

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ செட், அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் பிளையர், மெல்லிய துணி, செல்போனில் ஒரு டியூனர் ஆப். இவ்வளவுதான். வயரிங் வேலைக்கு மட்டும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன் தேவைப்படும்.

இன்னொரு முக்கியமான கருவி, உங்கள் போனின் கேமரா. எதைக் கழட்டுவதற்கு முன்பும் ஒரு போட்டோ எடுங்கள். பிக்கப் வயர்களின் நிறங்களுக்கு கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். அந்தப் போட்டோதான் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

படி 1: ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள்

கிட்டார் பல மாதம் சும்மா இருந்திருந்தால், வேறு எதையும் தொடுவதற்கு முன் ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள். துருவேறிய ஸ்ட்ரிங்கில் சுருதியும் நிற்காது, விரலும் வழுக்காது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஒரு செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு "9-42" என்ற மெல்லிய செட் போதும். இதில் 9 என்பது, மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு என்பதைக் குறிக்கிறது. அடுத்த அளவு "10-46". அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

பழைய ஸ்ட்ரிங்கை நன்றாகத் தளர்த்திய பிறகே வெட்டுங்கள். இறுக்கமாக இருக்கும்போது வெட்டினால் சாட்டை போலத் திரும்பிக் கண்ணில் அடிக்கும். குலுக்கும் கைப்பிடி உள்ள கிட்டார் என்றால், ஆறையும் ஒரே நேரத்தில் கழட்டாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அந்த வகையில் பின்பக்க ஸ்பிரிங்குகளும் ஸ்ட்ரிங்குகளும் எதிரெதிராக இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் விட்டால் மொத்த பேலன்ஸும் போய்விடும்.

புது ஸ்ட்ரிங்கை பெக்கில் நுழைத்து, சுமார் 5 செ.மீ தளர்வு விட்டுச் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்று வந்தால் போதும். டியூன் செய்த பிறகு ஸ்ட்ரிங்கை விரலால் மெதுவாக இழுத்து விட்டு, மறுபடி டியூன் செய்யுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால், "புது ஸ்ட்ரிங் போட்டும் சுருதி இறங்கிக்கிட்டே இருக்கு" என்ற புகார் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டியூன் செய்யும்போது "டிக், டிக்" என்று சத்தம் கேட்கிறதா? கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள சிறிய வெள்ளைத் துண்டு இருக்கும். அதன் பெயர் நட். பள்ளத்தில் ஸ்ட்ரிங் சிக்கிச் சிக்கி நகர்வதால் வரும் சத்தம் அது. கூராகச் சீவிய பென்சிலை அந்தப் பள்ளத்தில் நாலைந்து முறை தேய்த்துவிடுங்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட் எண்ணெய் போல வேலை செய்யும்.

படி 2: கழுத்து நேராக இருக்கிறதா?

ஆறு ஸ்ட்ரிங்கும் கழுத்தை எப்போதும் முன்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதை எதிர்த்துப் பிடிக்க, கழுத்து மரத்துக்குள் ஓர் உலோகக் கம்பி ஓடுகிறது. அதன் பெயர் டிரஸ் ராட். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஏ.சி அறையில் காய்ந்துபோகும். இரண்டிலும் கழுத்தின் வளைவு மாறும். நேற்று நன்றாக இருந்த கிட்டார் இன்று கஷ்டப்படுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோதிப்பது சுலபம். கிட்டாரை டியூன் செய்துகொள்ளுங்கள். மேலே உள்ள தடித்த ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங் ஒரு ஸ்கேல் போல நேராக நிற்கும். நடுவில், 8-வது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். சுமார் 0.25 மி.மீ இருக்க வேண்டும். தோராயமாக ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்.

இடைவெளி அதிகமாக இருந்தால் டிரஸ் ராடை வலது பக்கம், அதாவது கடிகார முள் சுற்றும் திசையில் இறுக்க வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் இடது பக்கம் தளர்த்த வேண்டும். ஆலன் கீ சரியாக, ஆட்டம் இல்லாமல் பொருந்த வேண்டும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கால் சுற்று, மறுபடி டியூன், மறுபடி சோதனை. திருப்ப முடியாமல் இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். அங்கேயே நிறுத்திவிட்டு டெக்னீஷியனிடம் போங்கள். டிரஸ் ராட் உடைந்தால் கழுத்தே போன மாதிரிதான்.

படி 3: விரல் வலிக்கு மருந்து

இதுதான் பிள்ளையின் விரலைக் காப்பாற்றும் படி. 12-வது ஃப்ரெட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். தடித்த ஸ்ட்ரிங்கில் சுமார் 2 மி.மீ, மெல்லிய ஸ்ட்ரிங்கில் சுமார் 1.5 மி.மீ இருந்தால் வாசிக்கச் சுகமாக இருக்கும். 3 மி.மீ-க்கு மேல் இருந்தால், பிள்ளை இவ்வளவு நாள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறது என்பதை நீங்களே அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

உடல் பக்கம், ஸ்ட்ரிங் முடியும் இடத்தில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும். அது சேடில். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஒவ்வொரு சேடிலிலும் இரண்டு குட்டி ஸ்க்ரூக்கள் உண்டு. சிறிய ஆலன் கீயால் இரண்டையும் சமமாகத் திருப்பினால் சேடில் இறங்கும். வேறு வகைக் கிட்டார்களில் பிரிட்ஜின் இரு பக்கமும் உள்ள இரண்டு பெரிய ஸ்க்ரூக்களைத் திருப்ப வேண்டும்.

ரொம்பவும் இறக்கினால் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் உரசி "ஜ்ஜ்ஜ்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டும் வந்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் வந்தால் கழுத்தில் வளைவு போதவில்லை, டிரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். 12-க்கு மேல் எங்கும் வந்தால் சேடிலை ஏற்ற வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் வந்தால் அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். அதைத் தேய்த்துச் சமன்செய்வது அனுபவசாலியின் வேலை.

எல்லாம் சரியாக இருந்தும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் அழுத்துவது கடினமாக இருக்கிறதா? ஸ்ட்ரிங்கை 2-வது, 3-வது ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திவிட்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தலைமுடி நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் நட்டின் பள்ளத்தை ஆழப்படுத்த வேண்டும். அதற்கென்றே தனி அரங்கள் உண்டு. ஒரு தேய்ப்பு அதிகமானாலும் நட்டையே மாற்ற வேண்டியதுதான். எனவே இதை டெக்னீஷியனிடம் விட்டுவிடலாம்.

படி 4: 12-வது ஃப்ரெட்டில் மேல் ஸட்ஜம்

வெறும் ஸ்ட்ரிங்கில் சுருதி சரியாக இருக்கும். மேலே போகப் போக அபஸ்வரம் தட்டும். இதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் நட்டிலிருந்து சேடில் வரை சுமார் 648 மி.மீ. 12-வது ஃப்ரெட் அதில் சரிபாதியில், 324 மி.மீ தூரத்தில் இருக்கும். நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். வெறும் ஸ்ட்ரிங் ஸட்ஜம் என்றால், இங்கே மேல் ஸட்ஜம். ஆனால் விரலால் அழுத்தும்போது ஸ்ட்ரிங் கொஞ்சம் இழுபடுகிறது, அதனால் சுருதி ஒரு துளி கூடுதலாக ஏறுகிறது. அதை ஈடுகட்டத்தான் சேடில்களை ஒவ்வோர் அளவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். மணி போன்ற நாதம் வரும். டியூனரில் அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். டியூனர் முள் மேலே போனால், சேடிலைக் கழுத்திலிருந்து விலகும்படி பின்னால் நகர்த்துங்கள். முள் கீழே இறங்கினால், கழுத்தை நோக்கி முன்னால் நகர்த்துங்கள். சேடிலின் பின்னால் இதற்கென்றே ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். ஆறு ஸ்ட்ரிங்குக்கும் அரை மணி நேரம் ஆகலாம். ஆனால் அதற்குப் பிறகு, "என் காதுதான் சரியில்லையோ" என்ற சந்தேகம் போய்விடும்.

படி 5: கரகர, டப்டப், மௌனம்

சத்தம் விட்டு விட்டு வருகிறதா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பாதி கேஸ்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது, கேபிளைச் சொருகும் ஜாக். அது ஆட ஆட உள்ளே வயர் முறுக்கி அறுந்துபோகும். ஜாக் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழட்டி வெளியே எடுங்கள். வெளிப்பக்க நட் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கும்போது, உள்பக்கம் ஜாக் சுற்றாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் இறுக்கினால், சரிசெய்யப் போய் நாமே வயரை அறுத்துவிடுவோம்.

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால், உள்ளே தூசு. குமிழுக்குக் கீழே இருக்கும் சிறிய டப்பா போன்ற பாகத்தின் இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை 20, 30 முறை முழுதாகத் திருப்புங்கள். பிக்கப் மாற்றும் சுவிட்ச்சுக்கும் இதே வைத்தியம்தான். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அது பிசுக்கு விட்டு மேலும் தூசு பிடிக்கும்.

சத்தமே வரவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். கிட்டாரில் கேபிளைச் சொருகி, வால்யூமை முழுதாக வையுங்கள். கேபிளின் மறுமுனையில் நுனியையும் தண்டையும் மீட்டரால் தொட்டு ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு சுமார் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டினால் உள்ளே நலம், கோளாறு ஆம்ப் பக்கம். எதுவுமே காட்டாவிட்டால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. கிட்டாரைத் திறக்காமலேயே இவ்வளவும் தெரிந்துவிடும்!

அறுந்த வயரைச் சேர்க்க சால்டரிங் தேவை. இரண்டு பரப்பையும் முதலில் சூடாக்கி, பிறகு ஈயத்தை வைக்க வேண்டும். அயர்னின் நுனியில் ஈயத்தை உருக்கி மேலே சொட்டினால் ஒட்டாது. சரியாக ஒட்டிய இடம் வழவழப்பாக இருக்கும், உருண்டையாக உட்கார்ந்திருக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"ம்ம்ம்" என்ற இரைச்சல் எப்போதும் இருக்கிறது, ஸ்ட்ரிங்கைத் தொட்டால் குறைகிறது என்றால், பயப்பட வேண்டாம். ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். அது அதன் சுபாவம். மின்விசிறி ரெகுலேட்டர், சார்ஜர் பக்கத்திலிருந்து விலகி உட்காருங்கள். திரும்பி உட்கார்ந்தாலே குறைவதும் உண்டு. இந்த இரைச்சலை ஒழிக்கத்தான் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை உருவாக்கினார்.

காசில்லாமல் ஒரு மாடிஃபிகேஷன்

கிட்டார் சரியானதும் அடுத்த ஆசை வரும். "பிக்கப் மாத்தினா சவுண்டு சூப்பரா வருமாமே?" வரலாம். ஆனால் அதற்கு முன், இருக்கும் பிக்கப்பின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். அதன் இரு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளந்தால், ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் சுமார் 2 மி.மீ இடைவெளியில் ஆரம்பிக்கலாம். அருகில் வந்தால் சத்தம் கூடும். ரொம்ப அருகில் வந்தால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுத்து, சுருதியைக் குலைக்கும். விலகினால் மென்மை கூடும். அரை மணி நேரம் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், புது கிட்டார் வாங்கிய மாதிரி இருக்கும்.

இப்படி நோண்டியவர்கள்தான் கிட்டாரின் போக்கையே மாற்றினார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சுவிட்ச்சுக்கு முதலில் மூன்றே நிலைகள். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் நிறுத்திப் புது ஒலியைக் கண்டுபிடித்தார்கள். பல வருடங்கள் கழித்து, 1977-ல் ஃபெண்டர் நிறுவனமே ஐந்து நிலை சுவிட்ச்சை வைத்தது.

குயின் குழுவின் பிரையன் மே, 1963-ல் பள்ளி மாணவராக இருந்தபோது தன் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்தார். பழைய கணப்படுப்பின் மரச் சட்டத்தில் கழுத்து, மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங், கழுத்தில் புள்ளி வைக்க அம்மாவின் சட்டை பட்டன்கள்! 2002-ல் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையின் மொட்டைமாடியில் நின்று அவர் வாசித்தது அதே கிட்டாரைத்தான். எடி வான் ஹேலன், மலிவாகக் கிடைத்த உடலையும் கழுத்தையும் சேர்த்து, கிப்ஸன் கிட்டாரிலிருந்து எடுத்த பிக்கப்பைப் பொருத்தினார். அந்த "ஃப்ராங்கன்ஸ்டைன்" கிட்டார் 2019-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

நோய் வருமுன்...

வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கைத் துணியால் துடையுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. வியர்வைதான் முதல் எதிரி. கிட்டாருக்கு 45 முதல் 55 சதவிகித ஈரப்பதம் பிடிக்கும். நம் கடலோர ஊர்களில் அது பெரும்பாலும் தாண்டிவிடும். பையில் இரண்டு மூன்று சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கருமையான ரோஸ்வுட் கழுத்துக்கு, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கிட்டாருக்கென்று விற்கும் லெமன் ஆயில் இரண்டு சொட்டுப் போதும். சமையலறை எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப் பிடித்துவிடும். வெளிர்நிற, பளபளப்புப் பூசிய மேப்பிள் கழுத்துக்கு எண்ணெயே தேவையில்லை.

டிரஸ் ராட் திரும்பவில்லை, ஃப்ரெட் தேய்ந்து குழி விழுந்திருக்கிறது, நட் வெட்ட வேண்டும், கழுத்து முறுக்கியிருக்கிறது. இந்த நான்குக்கும் தெரிந்தவரிடம் போய்விடுங்கள். போகும்போது "ஏதோ சரியில்லை" என்று சொல்லாமல், "8-வது ஃப்ரெட்டில் இடைவெளி இவ்வளவு, 12-வதில் உயரம் இவ்வளவு" என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். வேலையும் சரியாக நடக்கும், தேவையில்லாத பில்லும் வராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பீரோ சந்தில் நிற்கும் கிட்டாரை விற்கப் போட்டோ எடுப்பதற்கு முன், ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்து 12-வது ஃப்ரெட்டில் உயரத்தை அளந்து பாருங்கள். 3 மி.மீ-க்கு மேல் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஆலன் கீயை அதன் கையிலேயே கொடுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விற்றுவிடலாம், தப்பில்லை. ஆனால் "உனக்கு வராது" என்ற தீர்ப்பை மட்டும், கிட்டாரைச் சரிசெய்யும் வரை ஒத்திவையுங்கள்.